மகன் கேட்ட கணனி விளையாட்டு: வாங்கிக் கொடுப்பதா, விடுவதா?

வைகாசி வெயிலில் கள வேலை முடித்துத் திரும்பும் வழியில், எனக்குத் தெரிந்த ஒரு தாயின் வீட்டுப் படலையில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டேன். வழமையாகச் சிரித்துக்கொண்டு வருபவர் அன்று கோபத்தோடு வந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கள் தங்கச்சி. இவனுக்கு நீங்களே சொல்லுங்கோ. ஒன்பதினாயிரம் ரூபாவுக்கு விளையாட்டுச் சாமான் வேணுமாம்."

"சாமான் இல்லையம்மா, கேம்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

இந்தக் குடும்பத்தை நான்கு வருடங்களாக எனக்குத் தெரியும். கணவர் 2009 ஏப்ரலில் மாத்தளன் பகுதியில் தண்ணீர் எடுத்துவரப் போனவர், திரும்பவில்லை. உடலைக் கண்டவர்களும் இல்லை. அப்போது மகன் கைக்குழந்தை. இப்போது 17 வயது, உயர்தரம் படிக்கிறான். அக்கா இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறார். கிழமைக்கொரு முறை கட்டவேண்டிய கடனும் இருக்கிறது. 9,000 ரூபா என்றதும் அவருடைய கண்ணுக்கு முன்னால் மா மூட்டைதான் வந்திருக்கும். மகனின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பாடசாலை விடுமுறையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் நின்று 5,000 ரூபா சேர்த்திருந்தான். மிச்சத்தைத்தான் தாயிடம் கேட்டான். விளையாடுவதற்குப் பிரான்சிலுள்ள மாமா பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணனி இருந்தது.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். பிள்ளைகளின் கணனி விளையாட்டுப் பற்றித் தாய்மார் கேட்கும்போதெல்லாம் எங்களைப் போன்ற பணியாளர்கள் சொல்லும் பதில் அதுதான். ஆனால் சேலை வாங்கும்போது கரையைத் திருப்பிப் பார்த்து, சாயம் போகுமா என்று ஈர விரலால் தேய்த்துப் பார்க்கிற நாங்கள், பிள்ளை கேட்கும் விளையாட்டு என்னவென்று ஒரு தடவையேனும் பார்ப்பதில்லை. எல்லாமே சுடுகிற விளையாட்டு, எல்லாமே பிள்ளையைக் கெடுப்பது என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அன்று மட்டும் அந்தப் பெடியனிடம் "என்ன கேம் அது?" என்று கேட்டேன்.

அவன் சொன்ன பெயர் எனக்குத் தெரிந்த பெயராக இருந்தது: 'ஃபைனல் ஃபன்டசி 10'. என் தம்பி விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகு நானும் விளையாடி முடித்த விளையாட்டு. 2001 இல் ஜப்பானின் ஸ்குவெயர் நிறுவனம் வெளியிட்டது. புதுப்பித்த படங்களோடு 2016 இல் கணனிக்கும் வந்தது. அவனுடைய வகுப்புப் பெடியன்கள் வேறொன்றைப் பற்றித்தான் கதைப்பார்களாம். பிரான்சின் மொன்பெலியே நகரத்துச் சிறிய குழுவொன்று செய்து, 2025 ஏப்ரலில் வெளியாகி, அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் வாங்கிய 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33'. அதுவும் கதை கனத்த விளையாட்டுத்தான். ஆனால் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என அமெரிக்க வயதுத் தரப்படுத்தலில் குறிக்கப்பட்டது. பழைய மடிக்கணனியில் ஓடவும் மாட்டாது. அதனால் இவன் பழையதைத் தேடிப் பிடித்திருக்கிறான். இது அதே தரப்படுத்தலில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானது.

"சுடுற விளையாட்டோ?" என்பதுதான் அக்காவின் முதற் கேள்வி.

இல்லை. இது முறை வைத்து விளையாடுவது. தாயம் உருட்டும்போது உங்கள் முறை வரும்வரை இருந்து, வந்ததும் எந்தக் காயை நகர்த்துவதென்று யோசிப்பீர்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான். எதிரே ஒரு பூதம் நிற்கும். நம் பக்கத்தில் மூன்று பேர் நிற்பார்கள். அடுத்த முறை யாருக்கு என்று திரையின் ஓரத்தில் காட்டும். அடிப்பதா, காயப்பட்டவரைக் குணமாக்குவதா, ஒருவரை விலக்கி மற்றவரை இறக்குவதா என்று தீர்மானிக்கும்வரை எல்லாம் அப்படியே நிற்கும். "தம்பி, ஒருக்காக் கடைக்குப் போட்டு வா" என்று தாய் கூப்பிட்டால் போட்டது போட்டபடி போய் வரலாம். முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்து விளையாட வேண்டியதில்லை. இறக்கி முடித்த பின் இணையம் இல்லாமலும் விளையாடலாம். இது சின்ன விடயமல்ல. பிள்ளைகளுக்கு இணையவழியில் வரும் தொல்லைகளில் பாதி, விளையாட்டுக்குள் கதைக்க வரும் அந்நியர்களால் வருவது என்பது என் கள அனுபவம்.

பணம் போகும் வழியையும் பார்க்க வேண்டும். தொலைபேசியில் "இலவசம்" என்று வரும் விளையாட்டுக்கள் உள்ளே போனபின்தான் விற்கத் தொடங்கும். உடுப்புக்கு ஒரு காசு, துவக்குக்கு ஒரு காசு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிக்கு ஒரு காசு. அவ்வாறான பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருபவை என்று பெல்ஜியம் 2018 இல் தீர்மானித்தது. நான் வேலை செய்த இன்னொரு கிராமத்தில், வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்பிய காசை ஒரு 14 வயதுப் பிள்ளை இப்படி நூறு நூறாகக் கரைத்திருந்தான். தாய்க்குத் தெரியவர மூன்று மாதம் எடுத்தது. அந்த விளையாட்டின் விலை என்னவென்று கேட்டபோது, "சும்மாதானே மிஸ்" என்றுதான் அந்தத் தாய் சொன்னார். 9,000 ரூபா என்பது கேட்டதும் நெஞ்சை அடைக்கும் தொகைதான். ஆனால் அது ஒரு தடவையோடு முடியும் விலை. அதற்குப் பிறகு உள்ளே எதையும் விற்கமாட்டார்கள். நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் போகும் கதை. அதே விலையில் 2003 இல் வந்த அதன் இரண்டாம் பாகமும் சேர்ந்து வரும்.

இனிக் கதைக்கு வருகிறேன். உண்மையில் அன்று எங்கள் மூவருக்கும் இடையில் இருந்தது கதைதான், காசு அல்ல.

ஸ்பைரா என்று ஒரு உலகம். அங்கே 'சின்' என்ற பெரும் பூதம் கடலில் இருந்து வந்து ஊர்களை அழித்துவிட்டுப் போகிறது. அதன் பெயருக்குப் பாவம் என்று பொருள். மக்கள் செய்த பாவத்துக்குத் தண்டனை என்று அங்குள்ள மதத் தலைவர்கள் சொல்கிறார்கள். அதை நிறுத்த ஒரே ஒரு வழி. தெய்வீக சக்திகளை அழைக்கத் தெரிந்த ஒருவர் கோயில் கோயிலாக யாத்திரை போய், கடைசியில் தன் உயிரைக் கொடுத்துப் பூதத்தை வீழ்த்த வேண்டும். அதன்பின் சில வருடங்கள் அமைதி. பிறகு பூதம் திரும்பவும் வரும், இன்னொருவர் போக வேண்டும். கதை தொடங்கும்போது, பத்து வருடங்களுக்கு முன் அப்படி உயிரைக் கொடுத்த ஒருவரின் மகள் யூனா, 17 வயதுப் பிள்ளை, தானும் புறப்படுகிறாள். போகிற வழியெல்லாம் சனங்கள் அவளை வணங்கி வாழ்த்துகிறார்கள். கூடப் போகும் காவலர்களுக்கும் முடிவு தெரியும். வேறொரு காலத்திலிருந்து வந்துசேர்ந்த டீடஸ் என்ற பெடியன் ஒருவனுக்குத்தான் தெரியாது. மற்றவர்கள் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

"அதில செத்த ஆக்களை அனுப்பிற மாதிரி ஒண்டு வருது அன்ரி. அதைத்தான் நான் யூரியூப்பில பாத்தனான்" என்றான் மகன். அவன் என்னைப் பார்க்காமல் தாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவன் சொன்ன காட்சி எனக்குத் தெரியும். கிலிக்கா என்பது தண்ணீருக்கு மேலே மரக்கால்கள் நட்டு வீடு கட்டியிருக்கும் ஒரு கடற்கரை ஊர். பூதம் வந்து அதை அழித்துவிடுகிறது. பின்னேரம், இறந்தவர்களின் உடல்களைத் துணியால் சுற்றித் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார்கள். யூனா வெறுங்காலோடு தண்ணீரின் மேல் நடந்து போய்த் தன் கோலைச் சுழற்றி ஆடுகிறாள். ஒளித் துணிக்கைகள் மேலெழுகின்றன. கரையில் நிற்கும் பெண்கள் குழறி அழுகிறார்கள். ஆடி முடித்துக் கரைக்கு வந்த யூனாவும் அழுகிறாள். அடுத்த முறை கண்ணீர் விடக்கூடாது என்று அவளுக்கு மூத்த பெண்ணான லூலு மெதுவாகச் சொல்கிறாள். லூலுவும் தன் காதலனைப் பூதத்துக்குக் கொடுத்தவள்தான். அழுதுகொண்டிருக்க நேரமில்லாத பெண்கள் எப்படி ஒருவரையொருவர் தேற்றுவார்கள் என்பது அந்தக் கதையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வாங்குவதற்கு முதல் பார்த்துவிடுவோம் என்று, என் தொலைபேசியில் அந்தக் காட்சியை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். சில நிமிடக் காட்சிதான். மூவரும் திண்ணையில் இருந்து பார்த்தோம். பார்த்து முடிந்ததும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இப்பிடி அனுப்பாட்டி அந்த ஆக்களுக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கதைப்படி, அனுப்பி வைக்கப்படாத இறந்தவர்கள் உயிரோடிருப்போர் மேல் பொறாமை கொண்டு, நாளடைவில் பூதங்களாக மாறிவிடுகிறார்கள். வீட்டில் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? எட்டுச் செலவு, அந்தியேட்டி எதுவும் செய்யாமல், செய்வதா விடுவதா என்றும் தெரியாமல் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறோம். தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசைக்குக் கடலாடி விரதம் இருப்பது நம் வழக்கம். இந்த அக்கா மகனை இன்றுவரை அதற்கு விடவில்லை. விட்டால் கணவர் இறந்துவிட்டார் என்று தன் வாயால் சொன்னதாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். அவன் கேட்டும் இருக்கிறான், இவர் ஏசியும் இருக்கிறார்.

அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு 1999 இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஆள் இல்லை, ஆனால் இல்லையென்று சொல்லவும் முடியாது. அந்த நிலையில் துக்கம் முடிவதில்லை. அப்படி முடியாமலிருப்பது அந்தப் பெண்ணின் பலவீனமும் அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, துக்கச் சடங்கு என்பது தனியாளின் அழுகை மட்டுமல்ல, கூட்டம் சேர்ந்து செய்யும் கடமை என்று பரீட்சைக்கு எழுதினேன். அது என்னவென்று விளங்கியது இந்தத் திண்ணைகளில் இருந்துதான்.

மறைக்காமல் சொன்னேன். "கதையில அப்பிடித்தான் அக்கா வருது. ஆனா அது அந்த உலகத்துச் சட்டம். எங்கட இல்லை." இன்னொன்றையும் சொன்னேன். இறந்த பிறகும் போகாமல் நின்று, கூட்டாளிகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகளுக்குத் துணையாய் வருகிற ஒருவர் அதே கதையில் இருக்கிறார். யார் என்று சொல்லமாட்டேன், மகன் விளையாடிப் பார்க்கட்டும் என்றேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எல்லாரும் பேயாகிறேல்லை" என்றார்.

வாசிக்கும் சகோதரிகளுக்கும் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கிலிக்காக் காட்சியை விடக் கடுமையான ஒன்று கதையின் நடுவில் வருகிறது. பெரும்படை ஒன்று பீரங்கிகளோடு கடற்கரையில் நின்று பூதத்தை எதிர்த்து, ஒரு கணத்தில் அழிந்துபோகிறது. மணலில் உடல்கள் கிடக்கின்றன. இரத்தம் தெறிக்கும் காட்சி இல்லையென்றாலும், கடற்கரையும் உடல்களும் நம்மில் சிலருக்கு வெறும் படமாக இராது. அந்தப் பகுதி வரும்போது பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். அல்லது உங்களால் முடியாதென்றால் எழும்பிப் போய்விடுங்கள், அதில் வெட்கமில்லை. கதையின் முடிவிலும் ஒரு பிரிவு உண்டு. என் தம்பி 15 வயதில் அதைப் பார்த்துவிட்டு, வெங்காயம் வெட்டியதாகப் பொய் சொன்னான்.

அப்படியிருக்க, ஏன் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்? இந்தக் கதை கேட்கும் கேள்விக்காக. உயிர்ப்பலியால் கிடைக்கும் தற்காலிக அமைதி போதுமா, வழிவழியாகப் பெரியவர்கள் சொல்வதால் மட்டும் ஒரு பிள்ளை சாகத்தான் வேண்டுமா என்று அந்தச் சிறு கூட்டம் பாதி வழியில் நின்று கேட்கிறது. யுத்தம் முடிந்த வருடத்தில் கைக்குழந்தையாய் இருந்த ஒரு பிள்ளை, தன் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விடயத்தை ஜப்பான்காரர் செய்த விளையாட்டில் தேடியிருக்கிறான். கேமில் வாழ்க்கையைத் தொலைக்கிறான் என்று தாய் நினைத்திருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி நடைமுறைக் கணக்கு. மகன் வாங்க நினைத்தது ஸ்டீம் என்ற இணையக் கடையில். அமெரிக்காவில் குறித்த விலை 29.99 டொலர். டொலர் 300 ரூபா என்று பார்த்தால் 9,000 அளவில் வரும். ஆனால் இக்கடையில் நாட்டுக்கு நாடு விலை மாறும். ஆகவே உங்கள் கணக்கில் காட்டும் விலையைப் பாருங்கள். யூன் மாத இறுதியிலும் மார்கழி இறுதியிலும் பெரிய மலிவு விற்பனை நடக்கும். இப்படிப் பழைய விளையாட்டுக்கள் அப்போது பெரும்பாலும் நன்றாக விலை இறங்கும். பொறுத்திருப்பதற்குப் பிள்ளை சம்மதிக்கிறானா என்பதே அவனைப் பற்றி ஒன்றைச் சொல்லும். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே முதல் ஒரு மணித்தியாலத்தை, கணனியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கே வைத்துக்கொள்ளுங்கள். 35 கிகாபைட்டுக்கும் மேல் இறக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். தொலைபேசி டேட்டாவில் இறக்கினால் அந்தச் செலவே தனிக் கணக்காகிவிடும். இவன் நகரத்திலுள்ள சித்தப்பா வீட்டு இணைப்பில் இறக்குவதாக ஏற்பாடு. பணம் கட்டியதும் வங்கி அட்டை விபரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அட்டை சித்தப்பாவுடையது என்பதால் இதை இரண்டு தடவை சொன்னேன்.

திருட்டுப் பிரதி போட்டுத் தரும் கடைகளும் இருக்கின்றன. மலிவு என்று அங்கே போனால் கேமோடு சேர்ந்து வைரஸும் வரும். படிப்புக்கும் அந்த ஒரு கணனிதான் இருக்கிறது. தமிழில் இந்த விளையாட்டு இல்லை. பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்தில்தான். இதனால் ஆங்கிலம் கொட்டும் என்று நான் சொல்லவரவில்லை, ஆனாலும் நாற்பது மணித்தியாலம் வசனம் வாசிப்பதென்பது ரியூசனில் கிடைக்காத பயிற்சி.

நேரம் பற்றியும் அக்கா கேட்டார். கட்டுப்பாடின்றி விளையாடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது நீண்ட நேரம் விளையாடுவதை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. படிப்பு, நித்திரை, உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாத நிலை, பொதுவாக 12 மாதமளவு தொடர்ந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். கதையுள்ள விளையாட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதும் ஒரு ஆறுதல்.

அக்கா அன்று பதில் சொல்லவில்லை. யூன் கடைசியில் விலை இறங்கியதும் மகன் வந்து சொன்னபோது, அவனுடைய 5,000 உள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். தாயிடம் காசு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் தாய் ஒரு நிபந்தனை போட்டார். படிப்பு முடிந்து இரவில் ஒன்றரை மணித்தியாலம். விளையாடிய இடம்வரை அடுத்த நாள் பின்னேரம் தனக்குத் தமிழில் கதை சொல்ல வேண்டும்.

போன கிழமை போனபோது அக்கா அடுப்படியில் மா அரித்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் குந்தியிருந்து, கைகளால் காட்டிக் காட்டி, பூதம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆடி அமாவாசை பற்றி அவர்கள் ஏதும் கதைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

என்னைக் கண்டதும் அரிதட்டை நிறுத்திவிட்டு அக்கா கேட்டார்: "தங்கச்சி, அந்தப் பிள்ளை சாகப் போறாள் எண்டு கூடப் போற எல்லாருக்கும் தெரியும்தானே. ஏன் ஒருத்தரும் அவளை வீட்ட திரும்பிப் போ எண்டு சொல்லேல்லை?"

"இவன் இன்னும் அந்த இடத்துக்குப் போகேல்லை அக்கா" என்றேன்.